முதலில் இறங்கியவர்

1947ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் பூஞ்ச் நகரம் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தது. ஜம்முவுக்கு வடமேற்கே, மலைகள் வளைத்து நிற்கும் பள்ளத்தாக்கில் அமைந்த சிறிய நகரம் அது. சுற்றியிருந்த குன்றுகள் ஊடுருவிய படையினரின் கையில் இருந்தன. நகருக்கு வரும் சாலைகளும் அவர்கள் கையில்தாம். உள்ளே பிரிகேடியர் பிரீதம் சிங்கின் தலைமையில் ஒரு சிறு காவற்படை இருந்தது. அதனோடு, சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்து சேர்ந்த ஏறத்தாழ 40,000 மக்களும் இருந்தனர். பனிக்காலம் தொடங்கிவிட்டது. உணவு குறைந்துகொண்டு வந்தது. மருந்தும் வெடிபொருளும் அதைவிட விரைவாகக் குறைந்தன. இத்தனை பேருக்கும் வேண்டியவற்றை வானிலிருந்து போடுவது இயலாத செயல். காயமுற்றோரை வானுக்கு ஏற்றிக்கொள்ளவும் வழி இல்லை. விமானம் ஒன்று அங்கே தரையில் இறங்கியாக வேண்டும்.

அகதிகளே மண்வெட்டி எடுத்தனர். வீடிழந்து வந்த ஆயிரக்கணக்கானோர் வயல்களைச் சமன் செய்தும் கல்லகற்றியும் ஒரு வார காலத்துக்குள் ஓர் ஓடுபாதையை உருவாக்கினர். அதன் நீளம் ஏறத்தாழ 600 கஜம். மூன்று புறமும் ஓடைகள், அப்பால் மலைச்சரிவுகள், சரிவுகளில் பகைவரின் துப்பாக்கிகள். பெரிய போக்குவரத்து விமானமான டகோட்டாவை அத்தகைய இடத்தில் இறக்கலாமா என்னும் வினாவுக்கு எந்த விதிநூலும் ஆம் என்று விடை தந்திராது. திசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு டகோட்டா மலைகளுக்கிடையே தாழ்ந்து, செங்குத்தாகச் சரிந்து வந்து, புதுமண் புழுதி பறக்க அந்தப் பாதையில் இறங்கி நின்றது. அதைச் செலுத்தி வந்தவர் இளநிலை விமானி அல்லர். ஜம்மு காஷ்மீர் வான்நடவடிக்கைகள் அனைத்துக்கும் பொறுப்பேற்றிருந்த தளபதி, ஏர் கமடோர் மெஹர் சிங்.

தளபதியின் இடம் தலைமையகம். வரைபடத்தின் முன் நின்று பிறரை அனுப்புவது அவர் பணி. அப்பணியை மெஹர் சிங் குறைவறச் செய்தார். ஆயினும் ஒருவரும் முன்னர் சென்றிராத இடம் என்று வந்துவிட்டால், அங்கே முதலில் தாமே சென்று திரும்பிய பின்னரே பிறரை அனுப்பினார். அவருடைய வாழ்க்கை நெடுகிலும் இந்தப் பழக்கம் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

மெஹர் சிங் 1915ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பஞ்சாபின் லயால்பூர் மாவட்டத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் பைசலாபாத் என்னும் பெயரோடு பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் கல்லூரியில் பயின்றபோது இந்திய விமானப்படை தவழும் குழந்தை. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் தோன்றிய அப்படைக்கு ஒரே ஒரு படையணிதான் இருந்தது. இந்தியர்களால் விமானம் ஓட்ட இயலுமா என்று ஆட்சியாளரில் பலர் ஐயுற்ற காலம் அது. அக்காலத்தில் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிகச் சில இந்திய இளைஞருள் மெஹர் சிங்கும் ஒருவர். 1936இல் அதிகாரியாகப் பதவியேற்று, வடமேற்கு எல்லைப்புறத்தில் இருந்த முதலாம் படையணியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது வாபிட்டி என்னும் பழைய விமானம். இரண்டடுக்கு இறக்கை, துணி போர்த்திய உடல், மேலே மூடியற்ற இருக்கைகள். வசீரிஸ்தான் மலைகளில் ஆங்கில அரசுக்கு எதிராக எழுந்த பழங்குடியினரை அடக்குவதே படையணிக்கு இடப்பட்ட பணி. அயலாட்சியின் பொருட்டு இன்னொரு மக்கள்மீது நடத்தப்பட்ட அப்போரில் பெருமைப்பட அதிகமில்லை. எனினும் விமானிகளின் திறனைச் சோதிப்பதில் அந்த மலைகளுக்கு இணையான பள்ளி வேறில்லை. குறுகிய கணவாய்களினூடே விமானம் பறக்கும்போது, மலையுச்சியில் இருந்தவர்கள் அதன் மேலிருந்து கீழ்நோக்கிச் சுடுவர். அவர்களுடைய குறி தப்புவது அரிது. சிறைப்பட நேர்ந்தால் உயிருக்கு உறுதியில்லை என்பதால், விமானியை நலமாக ஒப்படைப்போர்க்குப் பரிசு உண்டு என்று உள்ளூர் மொழியில் எழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொருவரும் உடன் வைத்திருப்பது வழக்கம்.

ஒருமுறை மெஹர் சிங்கின் விமானத்தினுடைய எரிபொருள் கலத்தைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. பாறைகள் நிறைந்த மலையிடுக்கில் அவர் விமானத்தை இறக்கினார். விமானம் நொறுங்கியது, அவரும் உடனிருந்த சுடுநரும் தப்பினர். துரத்தி வந்தோரின் கண்ணில் படாமல் இருளில் நடந்து இருவரும் படைமுகாம் ஒன்றை அடைந்தனர். மறுநாளே மெஹர் சிங் மீண்டும் பறந்தார். மலைக்காற்று எவ்வாறு திரும்பும், எந்தப் பள்ளத்தாக்கு முட்டுச்சந்தாக முடியும், எவ்வளவு குறுகிய இடத்தில் விமானத்தைத் திருப்பலாம் என்பனவற்றை அவர் அங்கே கற்றார். பத்தாண்டுகளுக்குப் பின் அக்கல்வி 40,000 உயிர்களுக்கு உதவப்போகிறது என்பதை அன்று எவர் அறிவார்?

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி இந்திய எல்லையை எட்டினர். விமானப்படையை விரைந்து பெருக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அவ்வாண்டு திசம்பர் முதல் நாள் ஆறாம் படையணி தோற்றுவிக்கப்பட்டது. அது தோன்றிய இடம் நம் திருச்சிராப்பள்ளி. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங்குக்கு அப்போது வயது 27. அவருடைய விமானிகள் அவரைப் பாபா என்று அழைத்தனர். வடபுலத்தில் முதியோர்க்கும் பெரியோர்க்கும் வழங்கும் பெயர் அது. முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவருக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது என்றால், அவர்மீது இளைஞர்கள் வைத்திருந்த நம்பிக்கை எத்தகையது என்பதை உணரலாம்.

ஹரிக்கேன் வகை விமானங்களோடு பயிற்சி முடித்த படையணி, 1943 நவம்பரில் வங்கக் கரையில் உள்ள காக்ஸ் பஜாருக்குச் சென்றது. அரக்கான் காடுகளில் ஜப்பானியர் எங்கே கூடுகின்றனர், எந்த ஆற்றில் எத்தனைப் படகுகள் நகர்கின்றன, எந்தப் பாலம் புதிதாகத் தோன்றியுள்ளது என்பவற்றைத் தாழப் பறந்து கண்டறிவதும் படமெடுத்துவருவதும் அதன் கடமை. சண்டையிடுவதைவிட இது கடினமான பணி என்று சொல்லலாம். மரங்களின் உச்சியை உரசும் உயரத்தில், நேர்கோட்டில், வேகம் மாறாமல் பறந்தால்தான் படம் தெளிவாக விழும். கீழிருந்து சுடுவோர்க்கும் அதுவே வாய்ப்பு. அன்றைய ஜப்பானியச் சண்டை விமானங்கள் ஹரிக்கேனைவிட எளிதாகத் திரும்ப வல்லவை. எனவே, விமானங்கள் இரண்டிரண்டாகச் சென்றன. முன்னவர் கண் தரைமீது. பின்னவர் கண் வானத்தின்மீது. பின்னவர் ஒரு கணம் அயர்ந்தால் இருவரும் இல்லை.

மெஹர் சிங் தம் விமானிகளைப் போருக்கு அனுப்பிவிட்டுக் கூடாரத்தில் காத்திருக்கவில்லை. அவரே பலமுறை பறந்தார். படையணி கொண்டுவந்து குவித்த படங்களைக் கொண்டே தரைப்படையினர் அடுத்த அடியை எடுத்துவைத்தனர். பதினான்காம் படையின் கண்கள் என்னும் சிறப்புப்பெயர் ஆறாம் படையணிக்கு வாய்த்தது. 1944இல் மெஹர் சிங்குக்கு டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் ஆர்டர் என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இந்திய விமானப்படை அதிகாரிகளுள் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

போர் முடிந்தது, விடுதலை வந்தது, அதனோடு பிரிவினையும் வந்தது. மெஹர் சிங் பிறந்த மண் எல்லைக்கு அப்பால் போயிற்று. விமானப்படையின் விமானங்களும் ஆட்களும் தளங்களும் இரண்டாகப் பங்கிடப்பட்டன. எல்லைப்புற மலைகளில் ஒரே படையணியில் பறந்த நண்பர்கள் எதிரெதிர் நாட்டவராயினர். பங்கீடு முடிந்து மூச்சு விடுவதற்குள் காஷ்மீரில் போர் மூண்டது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் விடியலில் டெல்லியிலிருந்து டகோட்டாக்கள் ஸ்ரீநகருக்குப் படைவீரரைச் சுமந்து பறக்கத் தொடங்கின. விமானப்படையின் டகோட்டாக்கள் போதாமையால் தனியார் போக்குவரத்து நிறுவனங்களின் விமானங்களும் சேர்ந்துகொண்டன. ஸ்ரீநகர் காப்பாற்றப்பட்டது. ஆனால், பூஞ்ச் வளைக்கப்பட்டது.

அந்தச் சூழலில்தான் பூஞ்ச் ஓடுபாதையில் முதல் டகோட்டா இறங்கியது. அதில் மெஹர் சிங்கோடு உடன் வந்தவர் ஏர் வைஸ் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி. பின்னாளில், 1954இல், விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக உயர்ந்தவர் அவர். இருவரும் வசீரிஸ்தான் மலைகளில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். படையின் மூத்த அதிகாரிகள் இருவர் ஒரே விமானத்தில், சோதிக்கப்படாத ஓடுபாதையில் இறங்குவது அறிவுடைமையாகுமா என்று கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. விமானம் ஓடைக்குள் பாய்ந்திருந்தால் சிறிய விமானப்படை தன் தலைவர் இருவரை ஒரே நாளில் இழந்திருக்கும். ஆயினும் இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே இறங்க முடியும் என்று ஆணைத்தாளில் எழுதி அனுப்பியிருந்தால் விமானிகள் கீழ்ப்படிந்திருப்பர், நம்பியிருக்கமாட்டார்கள். தளபதியே இறங்கித் திரும்பிய பின், இறங்க முடியுமா என்னும் வினாவே அவர்களிடையே எழவில்லை. எப்படி இறங்குவது என்பதே பேச்சாயிற்று.

அடுத்த நாளிலிருந்து டகோட்டாக்கள் வரிசையாக வந்தன. மாவும் உப்பும் மருந்தும் வெடிபொருளும் இறங்கின. திரும்பும் விமானங்களில் காயமுற்றோரும் முதியோரும் தாய்மாரும் குழந்தைகளும் ஏறினர். விதிமுறை அனுமதித்ததைவிட மிகுந்த சுமையை ஏற்றிக்கொண்டே விமானிகள் பறந்தனர். சுமை கூடக் கூட விமானம் நிற்பதற்கு நீண்ட பாதை வேண்டும்; பூஞ்சில் அந்த நீளம் இல்லை. பாதையின் தொடக்க நுனியிலேயே சக்கரம் படவேண்டும். சற்று முன்னால் பட்டால் ஓடை. சற்றுப் பிந்தினால் மறுமுனையில் ஓடை. மலைகள் வழிமறிப்பதால் இறங்கத் தவறினால் மீண்டும் மேலெழுந்து சுற்றிவருவதும் எளிதன்று.

இவற்றுக்கெல்லாம் மேலாக, டகோட்டா ஆயுதமற்ற விமானம் என்பதை மறத்தலாகாது. சண்டை விமானத்தை ஓட்டுபவர் தம்மைச் சுடுவோரைத் திருப்பிச் சுடலாம், விரைந்து விலகலாம். டகோட்டாவின் விமானிக்கு அவ்விரண்டும் இல்லை. மெதுவாகப் பறக்கும் பெரிய உடல், இறக்கைகளில் எரிபொருள், உள்ளே வெடிபொருள் மூட்டைகள். மலைச்சரிவிலிருந்து குண்டுகள் வரும்போது அவர் செய்யக்கூடியது ஒன்றே: கை நடுங்காமல் விமானத்தை நேராகப் பிடித்திருப்பது. இறங்கிய பின்னும் பொருள்கள் இறக்கப்படும் வரை திறந்த வெளியில் அசையாத இலக்காக நிற்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பகைவர் பீரங்கிகளைக் கொண்டுவந்து ஓடுபாதையைக் குறிவைத்தனர். பாதையில் குண்டுகள் விழத்தொடங்கின. எங்கிருந்து சுடுகிறார்களோ அங்கே திருப்பி அடிக்க நகருக்குள் பீரங்கி வேண்டும். சாலை இல்லை, ஆகவே பீரங்கியும் விமானத்தில்தான் வரவேண்டும். பகலில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பானது. எனவே, இரவில் இறங்குவதென்று முடிவாயிற்று. அந்தப் பாதையில் மின்விளக்கு ஏது? எண்ணெய் விளக்குகளை வரிசையாக ஏற்றிவைத்தனர். சுற்றிலும் மலைகள் இருளோடு இருளாய் மறைந்திருக்க, மங்கிய அந்த ஒளிப்புள்ளிகளை மட்டும் நம்பிப் பீரங்கியைச் சுமந்த டகோட்டாக்கள் இறங்கின. இங்கும் மெஹர் சிங்கே முன் நின்றார். பூஞ்சின் பீரங்கிகள் மறுமொழி சொல்லத் தொடங்கிய பின் ஓடுபாதைக்கு மீண்டும் உயிர் வந்தது. சில வேளைகளில் அந்த டகோட்டாக்களே குண்டுவீச்சு விமானங்களாகவும் மாறின. சுமை ஏற்றும் கதவு வழியே வீரர்கள் குண்டுகளைக் கையால் உருட்டித் தள்ளினர். முறையான கருவிகள் வரும்வரை காத்திருக்கும் இயல்பு மெஹர் சிங்கிடம் இல்லை.

பூஞ்ச் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் வடகிழக்கே லடாக்கில் வேறொரு நெருக்கடி முற்றிவந்தது. சிந்து ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகப் பகைவர் லே நகரை நோக்கி நகர்ந்தனர். அங்கே இருந்தவர்களோ, பனிக்காலத்தில் சோஜி கணவாயைக் கால்நடையாகக் கடந்து சென்ற கேப்டன் பிரிதி சந்தின் சிறு குழுவினரும் உள்ளூர்த் தொண்டர்களுமே. அக்குழுவோடு சென்ற பொறியாளர் சோனம் நோர்பு, லடாக் மக்களின் உழைப்பைத் திரட்டி, சிந்துவின் அருகே ஓர் ஓடுபாதையை அமைத்து முடித்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் அமைந்த பாதை அது. காற்று மெலிந்த அவ்வுயரத்தில் இறக்கைகளுக்குத் தாங்குவிசை குறையும். எந்திரத்தின் வலிமையும் குறையும். அங்குச் செல்லும் வழியில் 20,000 அடிக்கும் மேலான பனிமலைகள். டகோட்டாவினுள் காற்றழுத்தக் காப்பு இல்லை. வழிகாட்டும் விமான வரைபடமும் இல்லை.

ஸ்ரீநகரில் இருந்த மேஜர் ஜெனரல் திம்மையா லேயைக் காக்க வான்வழி ஒன்றே உண்டு என்று கண்டார். முதல் பயணத்தில் தாமும் உடன்வர இசைந்தார். 1948 மே 24ஆம் நாள் மெஹர் சிங் டகோட்டாவைச் செலுத்த, திம்மையா உடனிருக்க, சோஜி கணவாயைத் தாண்டி, பெயரறியாத பனிச்சிகரங்களுக்கிடையே வழிதேடிப் பறந்து, விமானம் லேயில் இறங்கியது. அந்நகரம் கண்ட முதல் விமானம் அதுவே. அடுத்து வந்த வாரங்களில் கூர்க்கா வீரர்கள் அதே வழியில் லேயை அடைந்தனர், நகரம் நிலைத்தது. மாதங்கள் கழிந்து, நவம்பர் தொடக்கத்தில் சோஜி கணவாயில் டாங்கிகள் ஏறிப் பாதை திறந்தன. பூஞ்சின் முற்றுகையும் அதே நவம்பரில், ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், முடிவுக்கு வந்தது.

மெஹர் சிங் 1948இல் விமானப்படையிலிருந்து விலகினார். எழுதிவைத்த விதிகளைத் தேவைக்கேற்ப மீறியே வெற்றிகண்ட ஒருவருக்கும், அவ்விதிகளைக் காக்கவேண்டிய ஓர் அமைப்புக்கும் இடையே இணக்கம் நீடிப்பது அரிதுதான். அப்போது அவருக்கு வயது 33. படையில் அவர்க்குக் கீழே பணியாற்றியோர் பிற்காலத்தில் மிக உயர்ந்த பதவிகளை எய்தினர். அவர்களுள் ஒருவரான மார்ஷல் அர்ஜன் சிங், முதலாம் படையணியில் தாம் கண்ட மெஹர் சிங்கை நூறு வயதை நெருங்கிய காலத்திலும் மதிப்போடு நினைவுகூர்ந்தார். படையைவிட்டு நீங்கிய மெஹர் சிங் பாட்டியாலா மன்னரின் ஆலோசகராகப் பணியேற்றார். பறப்பதை மட்டும் அவர் விடவில்லை. பூஞ்சிலும் லேயிலும் அவர் ஆற்றிய செயல்களுக்காக மகாவீர் சக்கர விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1952 மார்ச் மாதத்தில் ஓரிரவு, பொனான்சா என்னும் சிறிய விமானத்தில் ஜம்முவிலிருந்து டெல்லி நோக்கிப் புறப்பட்டார். வழியில் புயல் வளைத்துக்கொண்டது. துப்பாக்கிகளும் பீரங்கிகளும் பனிச்சிகரங்களும் செய்ய இயலாததை அந்தப் புயல் செய்து முடித்தது. 37 வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்தன.

திருச்சிராப்பள்ளியில் அவர் தொடங்கிவைத்த ஆறாம் படையணி இன்றும் விமானப்படையில் இருக்கிறது. 2018இல் விமானப்படை நாடு தழுவிய போட்டி ஒன்றை அறிவித்தது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் தொடர்பறுந்துபோன ஊர்களுக்கு உதவிப்பொருள்களைக் கொண்டுசேர்க்க, கூட்டமாகப் பறக்கும் ஆளில்லா விமானங்களை உருவாக்குவது அதன் நோக்கம். அப்போட்டிக்கு விமானப்படை வைத்த பெயர், மெஹர் பாபா.